இரண்டாவது கம்பி

சேலம், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்துப் பெரிய துணைமின் நிலையங்களின் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தால், கோபுரத்திலிருந்து இறங்கும் கம்பி நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற ஒரு சுருள் இருப்பதைக் காணலாம். மின்சாரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மின்சாரம் அதைச் சும்மா கடந்து போகிறது. அது அங்கே இருப்பது பேச்சுக்காக. விளக்கெரிக்கும் அதே கம்பியில், மின்சாரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விரைவாக அதிரும் இன்னொரு அலையை ஏற்றி, ஒரு நிலையத்து ஆள் அடுத்த நிலையத்து ஆளோடு பேசுவதற்கான ஏற்பாடு அது. அந்த அலை நிலையத்துக்குள் புகுந்து வீணாகாமல் தடுத்து, பக்கத்தில் நிற்கும் மின்தேக்கி வழியே தொலைபேசிப் பெட்டிக்குத் திருப்பிவிடுவதுதான் பீப்பாயின் வேலை. சாலையில் போகிறவர் கவனிக்காத இந்தச் சுருள், இந்தச் சமவெளியில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு தொழிலின் அடையாளம். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் எந்திரத்தை இங்கிருந்தே நடத்துவதும், அது மக்கர் செய்தால் இங்கிருந்தபடியே கோளாறைத் துப்புத் துலக்குவதுமே அந்தத் தொழில்.

இன்று அந்தத் தொழிலுக்கு வாரிசாக இருப்பவர், சேலத்தில் உட்கார்ந்து சென்னையில் ஓடும் ஒரு மெய்நிகர் கணினியின் திரையைத் தன் திரையில் கொண்டுவரப் பார்க்கும் சிஸ்டம் அட்மின். திரை வராமல் கறுப்பாகவே நின்றால் அவர் படும் பாட்டைக் கணினித் துறையின் சொந்தத் தலைவலி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் வாதம். ரயிலும் மின்சாரமும் இந்த மண்ணில் கற்றுத்தந்த பாடம் ஒன்றுதான்: தூரத்து எந்திரத்தை நடத்த ஒரு வழி போதும், ஆனால் அந்த வழி அறுந்தால் எந்திரத்தை எட்டிப் பிடிக்க வேறொரு வழி வேண்டும். கணினித் துறையினர் கன்சோல் என்று சொல்வது அந்த இரண்டாவது வழியைத்தான். கன்சோலே வராமல் போகும் நாட்களை ஆராய்ந்தால், பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: யாருக்கும் தெரியாமல் இரண்டாவது வழி முதல் வழியின் தோளில் சாய்ந்து நின்றிருக்கிறது.

ரயிலிலிருந்து தொடங்குவோம். மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாளம் 1861-ல் சேலத்தை எட்டியது. அடுத்த ஆண்டே மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை போய்ச் சேர்ந்தது. ஊருக்குச் சில மைல் தள்ளி, சூரமங்கலத்தில் ஸ்டேஷன். தண்டவாளத்தோடு கூடவே தந்திக் கம்பியும் வந்தது. வந்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒரே தடத்தில் ஏறாமல் தடுக்க, வண்டியைவிட வேகமாகச் செய்தி போக வேண்டும் அல்லவா? பின்னாளில் இந்திய ஒற்றைத் தடங்களில் பரவலாகப் புழங்கிய நீல் டோக்கன் கருவியில் இந்த எண்ணம் முழு உருவம் பெற்றது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரும்புக் குண்டுகள் நிரம்பிய ஒரு பெட்டி. வண்டியை அனுப்ப வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடுகிறார். அங்கே இருப்பவர் ஒப்புக்கொண்டு தன் கருவியை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே ஒரு குண்டு விடுபடும். அந்தக் குண்டைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியின் டிரைவர் கையில் சேர்ப்பார்கள். அது அடுத்த ஸ்டேஷனின் பெட்டிக்குள் விழும்வரை அந்தத் தடத்துக்கு இன்னொரு குண்டு எந்தப் பக்கமும் வெளியே வராது. தூரத்து ஆளின் சம்மதம் இங்கே ஒரு பொருளாகக் கைக்கு வருகிறது என்பதுதான் இந்தக் கருவியின் அழகு.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பெட்டியோடு ஒரு தொலைபேசியும் இருந்தது என்பது. குண்டு வராமல் அடம்பிடித்தால் "என்ன ஆச்சு" என்று கேட்க ஒரு வாய் வேண்டும். அது மட்டுமா? இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவில் வண்டி நின்றுபோனால், கார்டு கையோடு கொண்டுவரும் தொலைபேசியைத் தண்டவாளத்தோரக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டி, கன்ட்ரோலரிடம் நேரே பேசுவார். வண்டியை நடத்தும் வழி சிக்னலும் டோக்கனும். அவை பேசாமல் போன இடத்தில் பேசுவதற்கென்றே வைத்த வழி இந்தத் தொலைபேசி. கம்பிகள் ஒரே கம்பத்தில் ஓடியிருக்கலாம், ஒரே புயலில் சாய்ந்தும் இருக்கலாம். ஆனாலும் டோக்கன் கருவி கெட்டால் தொலைபேசி கெடாது. தொலைபேசி கெட்டால் டோக்கன் தானாக வெளியே வந்துவிடாது. ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றாதபடி பிரித்து வைத்திருந்தார்கள்.

கம்பி அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதும் அந்தக் காலத்திலேயே ஒரு கைத்தொழிலாகிவிட்டது. தந்திக்காரர்களின் முறை எளிது. நீளக் கம்பியின் நடுவில் இருக்கும் நிலையத்தை முதலில் கூப்பிடு. பதில் வந்தால் இந்தப் பாதி நலம், கோளாறு அந்தப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. நாலைந்து முறை பாதியாக்கினால் நூறு மைல் கம்பி சில மைல்களுக்குள் அடங்கிவிடும். லைன்மேன் அந்தச் சில மைல்களை மட்டும் நடந்தால் போதும். கம்பி அறுந்து தரையைத் தொட்டிருந்தால், ஒரு முனையில் மின்தடையை அளந்தே எத்தனை மைலில் தொட்டிருக்கிறது என்று கணக்குப் போடவும் தெரிந்திருந்தது. இதில் வெறும் சிக்கனத்தைவிட ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. "கம்பி வேலை செய்யவில்லை" என்பது ஒரு புலம்பல். "எந்தப் பாதி" என்பதே கேள்வி. புலம்பலைக் கேள்வியாக மாற்றத் தெரிந்தவர்தான் அந்தத் தொழிலில் தேறியவர்.

அடுத்து மின்சாரம். மேட்டூர் அணை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது; அணையடி மின்நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது. நீலகிரியில் 1932-லிருந்து ஓடிக்கொண்டிருந்த பைகாராவின் மின்சாரமும் மேட்டூரின் மின்சாரமும் ஈரோட்டில் இணைந்தன. அதுவரை தனித்தனியாக ஓடிய எந்திரங்கள் அன்றிலிருந்து ஒரே தாளத்தில் சுழல வேண்டியதாயிற்று. இப்படி இணைந்த எந்திரங்களில் ஒன்று தடுக்கினால் மற்றது இழுபடும். எனவே எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும், எந்தக் கம்பியைத் திறக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று எங்கோ இருந்து ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னது நொடியில் போய்ச் சேரவும் வேண்டும். ஊர்த் தொலைபேசியை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. டிரங்க் கால் பதிந்து வைத்துக் காத்திருந்த காலத்தில், நாமக்கல் லாரி முதலாளி வடக்கே எங்கோ நின்றுபோன வண்டியின் டிரைவரோடு பேசக் காத்திருக்கலாம். ஒரு மின்தொகுப்பு காத்திருக்காது. அதற்குத்தான் மின்கம்பியிலேயே பேசும் ஏற்பாடு வந்தது. முன்னே சொன்ன பீப்பாய் அதன் கண்ணுக்குத் தெரியும் பகுதி.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மின்கம்பியிலேயே பேச்சை ஏற்றினால், கம்பி அறுந்த அன்று பேச்சும் அறுந்துபோகாதா? பேச்சு மிகவும் தேவைப்படும் அந்த நிமிடத்தில் கைவிடும் வழியை இரண்டாவது வழி என்று எப்படிச் சொல்வது? மறுப்பு சரியானது, பொறியாளர்களும் அதை அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் முக்கியமான தடங்களில் பேச்சலையை ஒரே கம்பியில் ஏற்றாமல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஏற்றினார்கள். ஒன்று அறுந்து தரையில் விழுந்தாலும் மற்றதைப் பிடித்துக்கொண்டு பேச்சு, மெலிந்த குரலிலேனும், போய்ச் சேரும். இன்னொன்றும் உண்டு: மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பியிலும் பேச்சலை போகும். விளக்கெரியாத ஊருக்கும் குரல் எட்டும். ஆக, இரண்டாவது வழி முழுக்க முழுக்கத் தனியாக இருக்க வேண்டும் என்பதல்ல என் வாதம்; அப்படி ஒன்று உலகில் எங்கும் இல்லை. முதல் வழியைக் கொல்லக்கூடிய கோளாறுகள் எவை எவை என்று எண்ணிப் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது வழி தப்பிப் பிழைக்கும்படி கட்டியிருக்க வேண்டும். மின்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இன்றைய கணினிக்காரர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மெய்நிகர் கணினி என்பது என்ன? ஒரு பெரிய கணினி, தன்னைப் பல சிறு கணினிகளாக வேடம் போட்டுக் காட்டுவது. ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடுவதுபோல. குடித்தனக்காரருக்குத் தன் பகுதியே முழு வீடு. வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாப் பகுதிக்கும் சாவி உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கேம்பிரிட்ஜில், ஐபிஎம் ஆய்வகத்தில் 1960-களின் நடுவிலிருந்து இந்த வேடம் உருவானது. 1972-ல் அது விஎம் 370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அப்போதே ஒரு நுணுக்கம் அதில் இருந்தது. பயனர் முன்னால் இருந்த முனையம் அவருடைய மெய்நிகர் கணினியின் கட்டுப்பாட்டுப் பலகையாகவும் வேலை செய்தது. உள்ளே ஓடும் நிரல் மயங்கி விழுந்துவிட்டால், ஒரு விசையைத் தட்டி அதற்கு வெளியே வந்து, வீட்டுக்காரர் நிரலோடு பேசி, விழுந்ததை நிறுத்தவும் மறுபடி கிளப்பவும் முடிந்தது. உள்வழி ஒன்று, வெளிவழி ஒன்று என்ற பிரிவு மெய்நிகர் கணினி பிறந்தபோதே கூடப் பிறந்தது.

படத்திரையைத் தூரத்துக்கு அனுப்பும் கலை இன்னொரு கேம்பிரிட்ஜில், இங்கிலாந்தில், வளர்ந்தது. அங்கே 1991-ல் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபிப் பாத்திரத்தின் முன் ஒரு கேமராவை வைத்தார்கள். மாடியேறிப் போய்க் காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாறாமல், இடத்தைவிட்டு எழாமலே காபி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 128 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று. அதைச் செய்தவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பின்னர் அதே ஊரின் ஆலிவெட்டி ஆய்வகத்தில் விஎன்சி என்னும் ஏற்பாட்டை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். விஎன்சி 1998-ல் வெளியுலகுக்கு வந்தது. அதன் உள்ளடக்கம் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. தூரத்துக் கணினி, "இன்ன இடத்தில், இவ்வளவு அகல நீளத்தில், இந்தப் படத்துண்டை வை" என்று மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். இங்கிருந்து விசைத் தட்டலும் சுட்டெலி அசைவும் போகும். இந்த எளிமையாலேயே அது மெய்நிகர் கணினிகளின் கன்சோலாகப் பரவியது. இதில் விஎன்சி உள்ளே குடியிருக்கும் கணினியில் ஓடவில்லை, வெளியே வீட்டுக்காரரிடம் ஓடுகிறது. உள்ளே ஃபயர்வாலைத் தப்பாகப் பூட்டி நம்மையே வெளியே தள்ளிவிட்டாலும், நெட்வொர்க் முகவரி மாறிப்போனாலும், கணினி எழும்பும்போதே பாதியில் நின்றாலும், திரை தெரியும். கார்டு கம்பியில் கொக்கி போட்டுப் பேசியதற்கு இது நேரான வழித்தோன்றல்.

அப்படியானால் அது ஏன் வராமல் போகிறது? தந்திக்காரர் முறையில் பாதியாக்கிக்கொண்டே போவோம். முதல் கேள்வியை வீட்டுக்காரக் கணினியிடமே கேட்க வேண்டும்: உள்ளே இருப்பது ஓடுகிறதா, அதற்குத் திரை ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எந்த வாசலில்? விஎன்சியின் வாசல் (போர்ட்) எண்கள் 5900-ல் தொடங்கும். இரண்டாவது கணினிக்கு 5901, இப்படியே மேலே. லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் அமைப்பில் அந்த வாசல் சும்மா விட்டால் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் திறந்திருக்கும். வீட்டுக்குள்ளிருந்து தட்டினால் திறக்கும், தெருவிலிருந்து தட்டினால் திறக்காது என்று பொருள். தூரத்திலிருந்து நேரே தட்டிப் பார்த்துவிட்டு "கன்சோல் செத்துப்போச்சு" என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். அது சாகவில்லை, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் சுரங்கம் வழியாக உள்ளே போய்த் தட்டினால் திறக்கும். அந்தப் பாதியும் நலம் என்றால் கோளாறு நடுவில். பிரவுசரில் தெரியும் கன்சோல்கள் வெப்சாக்கெட் என்ற நீடித்த இணைப்பில் ஓடுபவை. நடுவில் இருக்கும் புராக்சி சாதாரணப் பக்கங்களைக் கடத்திவிட்டு இதை மட்டும் மறித்தால், நிர்வாகப் பக்கம் ஒழுங்காகத் திறக்கும், திரை மட்டும் வராது. நிர்வாகப் பக்கத்தின் சான்றிதழை "பரவாயில்லை" என்று ஏற்றுக்கொண்ட பிரவுசர், கன்சோலின் வேறொரு வாசலில் அதே சான்றிதழைக் கேட்காமல் கொள்ளாமல் நிராகரிக்கும். விஎம்வேர் என்ற இன்னொரு மெய்நிகர் அமைப்பில் நிர்வாகக் கணினி நம்மை "இன்ன பெயருள்ள வீட்டுக்காரரிடம், 902-ஆம் வாசலில் போய்ப் பார்" என்று அனுப்பும்போது, நம் கணினிக்கு அந்தப் பெயரின் முகவரி தெரியாவிட்டால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். முகவரி சொல்லாமல் ஆள் பெயர் மட்டும் சொல்லி வெளியூர் அனுப்பிய கதைதான்.

இணைப்பு கிடைத்த பிறகும் திரை கறுப்பாக இருந்தால் அது வேறு நோய். இதை முன்னதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வழி நன்றாக இருக்கிறது, முனையில் இருப்பது தூங்குகிறது. ஒரு விசையைத் தட்டினால் விழிக்கலாம். உள்ளே இருக்கும் படநிரலுக்கும் ஒதுக்கிய திரைக்கும் ஒத்துவராவிட்டால் எழுத்துத் திரைக்கு மாறிப் பார்க்கலாம். கடவுச்சொல்லை ஏற்காவிட்டால் விசைப்பலகையைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே நாம் தட்டும் விசைக்கும் அங்கே பதிவாகும் எழுத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பு ஒன்று நடக்கிறது. தமிழ்99 விசைப்பலகையை மாற்ற மறந்தவர், கடவுச்சொல்லின் எழுத்துகள் நட்சத்திரங்களாகவே தெரிவதால், தான் வேறெதையோ அடித்துக்கொண்டிருப்பதை அறியவே மாட்டார். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கணக்கில் கொள்ளும் என்பதும் பலருக்குத் தெரியாது. சிறிய செய்திகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் "எந்தப் பாதி" என்ற கேள்விக்கு ஒரு பதில்.

இந்த வாதத்துக்கு இன்னொரு மறுப்பு இளைய தலைமுறையிடமிருந்து வரும். கன்சோலே எதற்கு? மெய்நிகர் கணினி கெட்டால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை நிமிடத்தில் உருவாக்கிக்கொள்ளலாமே. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது பழைய பழக்கம் என்பார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே அச்சில் வார்த்தவையாக, தரவு வேறெங்கோ பத்திரமாக இருக்கும் இடங்களில் அது உண்மை. ஆனால் பட்டாவும் பத்திரமும் வரிக்கணக்கும் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருக்கும் கணினியை அழித்துப் புதிதாக உருவாக்குகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக உருவாக்குவதும் பாதியில் நின்றுபோவதுண்டு. நின்ற இடத்தைக் காட்டுவதும் அதே கன்சோல்தான். அச்சில் வார்த்த கணினிகள் ஆயிரம் ஒரே நேரத்தில் எழும்பாமல் போனால், அவற்றில் ஒன்றின் திரையையாவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. இரண்டாவது வழி என்பது கொல்லைப்புறக் கதவு. உள்ளே இருக்கும் பூட்டுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வரும் வழி. திருடனுக்கும் அதுவே வசதி. இதை நான் மறுக்கவில்லை. கன்சோல் வாசலை உலகத்துக்கே திறந்துபோட்டவர்கள் பட்டிருக்கிறார்கள். சும்மா விட்டால் அது 127.0.0.1-ல் மட்டும் திறப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு; அதைத் தொல்லையென்று மாற்றுவது மடமை. ஆனால் பழைய குண்டுப்பெட்டி இதற்கும் விடை வைத்திருந்தது. வழி இருக்கட்டும், இரு முனையும் சம்மதித்தால்தான் திறக்கட்டும், ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லட்டும் என்பது அதன் தத்துவம். இன்றைய கன்சோல் அமைப்புகள் தரும் தற்காலிகச் சீட்டும் அதுவே. சிலவற்றில் அந்தச் சீட்டு இரண்டு நிமிடமே செல்லும், சிலவற்றில் பத்து நிமிடம். தாமதமாகப் போய்த் தட்டினாலும், இரு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் கதவு திறக்காது. அதைக் கோளாறு என்று திட்டுபவர், டோக்கன் இல்லாமல் வண்டியை விடச் சொல்பவருக்குச் சமம்.

எல்லாவற்றையும்விடக் கனமான சான்று அண்மையில் வந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே அறுத்துவிட்டது. அவசரத்துக்கென்று தனியாக வைத்திருந்த நெட்வொர்க்கும் கூடவே வீழ்ந்ததால், தரவு மையங்களுக்கு ஆட்களை நேரில் அனுப்பித்தான் சரிசெய்ய முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் ஒரு மாற்றம் மைய நெட்வொர்க்கை மூழ்கடித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இணைப்பிழந்தார்கள். அங்கேயும் நிர்வாக வழி அதே மைய நெட்வொர்க்கின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. உலகின் பெரிய நிறுவனங்களுக்கே இரண்டாவது கம்பி முதல் கம்பியின் தோளில் சாய்ந்திருந்தது என்றால், இரண்டு சர்வர் வைத்திருக்கும் ஒரு கல்லூரியையோ மில்லையோ என்ன சொல்வது?

நம் ஊரில் இந்தச் சாய்வு ஒருநாளில் நேர்ந்ததல்ல. ஒரு காலத்தில் தந்திக்கு ஒரு கம்பி, தொலைபேசிக்கு ஒரு கம்பி, ரயிலுக்குத் தனி, மின்வாரியத்துக்குத் தனி. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. மின்கோபுர உச்சியில் இடிதாங்கும் கம்பிக்குள்ளேயே கண்ணாடியிழை ஓடத் தொடங்கியது. பீப்பாயின் வேலை மெல்ல மெல்ல அதற்கு மாறிவருகிறது. எல்லாப் பேச்சும் எல்லாத் தரவும் கண்ணாடியிழைக்கு வந்து சேர்ந்தன. வேகம் பல்லாயிரம் மடங்கு கூடியது, செலவு குறைந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாலை அகலப்படுத்தும் ஜேசிபியின் ஒரு கை, வங்கியையும் ஆபீசையும் கடையின் யுபிஐ-யையும் ஒரே நேரத்தில் ஊமையாக்குவது இன்று சர்வசாதாரணம். இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்பு வாங்கியவர்கூட, இரண்டும் ஒரே பள்ளத்தில் ஓடுகின்றனவா என்று கேட்பதில்லை.

கேட்காமல் போனதற்கு மொழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விவசாயியின் மோட்டார் ஓடாவிட்டால், "கரண்ட் இல்லை" என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. மூன்றில் எந்த ஃபேஸ் இல்லை, ஃபியூஸ் போனது டிரான்ஸ்பார்மரிலா, கம்பத்திலா, தன் வீட்டிலா என்று பிரித்துச் சொல்லும் மொழி அவரிடம் இருக்கிறது. லைன்மேனும் அவரும் அந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள். கணினிக்கு நம்மிடம் இருப்பது ஒரே சொல்: "சர்வர் டவுன்." ரேஷன் கடையிலும் பதிவு அலுவலகத்திலும் வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லப்படும் இந்தச் சொல், கோளாறு கைவிரல் ரேகைக் கருவியிலா, கடையின் சிம்மிலா, நடுவழிக் கேபிளிலா, சென்னையிலா என்பதைச் சொல்லாமல் மூடிவிடுகிறது. பெரும்பாலான நேரம் சர்வர் பாவம், ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எட்டும் வழிதான் அறுந்திருக்கும்.

இரண்டாவது வழிக்கு ஆகும் செலவை யார் தருவது என்பது கடைசி மறுப்பு. விடை இந்தச் சமவெளியின் கோழிப்பண்ணைத் தொழிலிலேயே இருக்கிறது. முட்டை குஞ்சாக 21 நாள் சூடு விடாமல் காக்கும் பொரிப்பகத்துக்கு ஜெனரேட்டர் ஆடம்பரமல்ல. அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: ஜெனரேட்டர் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அதைக் கிளப்பும் பேட்டரி மின்வாரியக் கரண்டில் சார்ஜ் ஆவது. சார்ஜர் கெட்டிருந்தால், கரண்ட் போன அன்றுதான் பேட்டரியும் செத்திருப்பது தெரியவரும். அதனால் கரண்ட் இருக்கும்போதே வாரம் ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிறார்கள். கன்சோலுக்கும் அதற்கு மேல் செலவில்லை. எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் சிஸ்டம் அட்மின் முதல் வழியைத் தானே அறுத்துவிட்டு, இரண்டாவது வழியில் திரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், அவர் வைத்திருந்தது இரண்டு கம்பியல்ல. ஒரே கம்பிக்கு இரண்டு பெயர்.